பேராலய வளாகத்தில் ஒரு மிஷன்: ஹாங்காங் வீட்டுப் பணிப்பெண்களும் 'வளர்ச்சி'க் கணக்கும்

பிலிப்பைன்ஸ் 1995இல் இயற்றிய குடியரசுச் சட்டம் 8042 கொஞ்சம் வினோதமானது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணி நாட்டுக்குப் பெரிய பங்களிப்பு என்று அதன் கொள்கைப் பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால், பொருளாதார வளர்ச்சிக்கும் தேச முன்னேற்றத்துக்கும் வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்கவில்லை என்றும் அடுத்த மூச்சிலேயே சொல்கிறது. 2024இல் வங்கிகள் வழியாக அந்த நாட்டுக்கு வந்த பணம் மட்டும் சுமார் 3,450 கோடி அமெரிக்க டாலர், அதாவது உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் மேல். ஊக்குவிக்காமலே இவ்வளவு!

சட்டம் சொல்வதற்கும் கணக்குப் புத்தகம் காட்டுவதற்கும் நடுவே என்ன நடக்கிறது? அதை அமைச்சகங்களில் தேடிப் பயனில்லை, வேலை செய்யும் ஊரில்தான் தேட வேண்டும். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட ஊர் ஹாங்காங். மையம், 1981இல் பல சபைகளின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, செயின்ட் ஜான்ஸ் ஆங்கிலிக்கன் பேராலய வளாகத்திலிருந்து இயங்கிய 'பிலிப்பினோ புலம்பெயர் தொழிலாளர் மிஷன்'. இப்போது அதன் பெயர் 'புலம்பெயர் தொழிலாளர் மிஷன்'. சிந்தியா அப்டோன் டெல்லெஸ் பல பத்தாண்டுகளாக அதை முன்நின்று நடத்தியவர்.

ஏன் தேவாலயம்?

ஹாங்காங் 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்களை அனுமதிக்கத் தொடங்கியது. 1980களின் ஆரம்பத்தில் இருபதாயிரம் சொச்சம் பேர், பெரும்பாலும் பிலிப்பினோப் பெண்கள். 2019இல் கிட்டத்தட்ட நான்கு லட்சம். இதில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ், மீதியில் மிகப் பெரும்பகுதி இந்தோனேசியா. அப்புறம் சிறு எண்ணிக்கையில் தாய்லாந்து, நேபாளம், இலங்கை, இந்தியா.

இவர்கள் எஜமானர் வீட்டிலேயே தங்க வேண்டும். 2003லிருந்து இது கட்டாயம். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை, பெரும்பாலும் ஞாயிறு. ஒரு பெண் எந்தக் கேள்வியும் இல்லாமல் போய்வரக்கூடிய இடம் தேவாலயம்தான். 'பூசைக்குப் போகிறேன்' என்றால் யாரும் தடுப்பதில்லை. தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியுமா?

இன்னொரு காரணம் நிலம். ஹாங்காங்கில் நிலமெல்லாம் அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்ததுதான். முழு உரிமை நிலம் என்று இருப்பது இந்தப் பேராலயத்தின் மனை ஒன்றே. சென்ட்ரல் பகுதியில் ஒரு சதுர அடியின் வாடகை தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஏழைத் தொழிலாளர்களுக்கான அலுவலகம் நகரத்தின் நடுநெஞ்சில் நிலைக்க நம்பிக்கை மட்டும் போதாது, இடம் வேண்டும். சேட்டர் சாலையை ஞாயிறுகளில் வாகனம் இல்லாமல் மூடும் வழக்கம் 1982இல் வந்தது. கடை வியாபாரம் பெருகட்டும் என்று செய்தார்கள். அங்கே வந்து அட்டைப்பெட்டி விரித்து உட்கார்ந்தவர்களோ வீட்டுப் பணிப்பெண்கள். 1992இல் சாலையைத் திரும்பத் திறக்கும் யோசனை கிளம்பிப் பெரும் சர்ச்சையானது. அந்த ஞாயிற்றுக் கூட்டத்துக்குப் பேராலயம் நடந்து போகும் தூரம்.

கட்டாயப் பணம்

மிஷன் பிறந்த அடுத்த ஆண்டே முதல் சோதனை வந்துவிட்டது. 1982 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் அரசு நிர்வாக ஆணை 857ஐப் பிறப்பித்தது. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் சம்பளத்தின் ஒரு பங்கை அரசு அங்கீகரித்த வங்கிகள் வழியாகத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுப் பணியாளருக்கு அந்தப் பங்கு 50 சதவீதம், கப்பல் தொழிலாளருக்கு இன்னும் அதிகம். அனுப்பியதற்கு ரசீது காட்டாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிப்பு கிடையாது.

வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருந்த அரசுக்கு டாலர் தேவைப்பட்டது. அதை அவர்கள் தேச வளர்ச்சி என்றார்கள். பெண்களின் பதில் வேறு. நாங்கள் ஏற்கெனவே பணம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். எவ்வளவு, எப்போது, எந்த வழியில் என்பதை எங்கள் வீட்டுச் சூழ்நிலை முடிவு செய்யட்டும். தம்பிக்குப் படிப்புச் செலவு வரும் மாதமும் வராத மாதமும் ஒன்றா? வங்கி தரும் மாற்று விகிதத்தில் இழப்பது யார்?

1984இல் பத்து அமைப்புகள் சேர்ந்து 'கட்டாயப் பண அனுப்புதலுக்கு எதிரான ஐக்கியப் பிலிப்பினோக்கள்' என்ற கூட்டணியை உருவாக்கின. ஊர்ச் சங்கங்கள், பிரார்த்தனைக் குழுக்கள் என்று ஏற்கெனவே இருந்தவைதான் அந்தக் கூட்டணிக்கு அடித்தளம். 1985 மே மாதத்தில் ஆணை 1021 வந்து தண்டனைப் பிரிவை நீக்கியது. ஒரு சர்வாதிகார அரசின் ஆணையை வீட்டு வேலை செய்யும் பெண்கள் வெளிநாட்டிலிருந்து பின்வாங்க வைத்தார்கள். அந்தக் கூட்டணி கலையவில்லை. 'யுனிஃபில்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

இதில் மிஷனின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. போராடியது தொழிலாளர்கள். ஆனால் கூடிப் பேச ஓர் அறை, அறிக்கை அடிக்க ஒரு தட்டச்சு, சட்டத்தைப் படித்து விளக்க ஓர் ஆள் என்று யாராவது தராமல் இப்படிப்பட்ட இயக்கம் எழாது. மத நிறுவனங்கள் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுதான் என்பது என் எண்ணம். அவர்களுக்காகப் பேசுவதைவிட, அவர்கள் பேச இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது.

இரண்டு வாரம்

1987இல் ஹாங்காங் அரசு கொண்டுவந்த விதி இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ, பணியாளர் இரண்டு வாரத்துக்குள் ஹாங்காங்கை விட்டு வெளியேற வேண்டும். விசா அதற்கு முன்பே தீர்ந்தால் அதற்குள். எஜமானர் இறந்துபோனார், நாடு மாறினார், பணமுடையில் விழுந்தார், அல்லது துன்புறுத்தியதற்கு ஆதாரம் உண்டு என்பது போன்ற சில விலக்குகள் தவிர, வேறு வேலைக்கு மாற வேண்டுமானால் ஊருக்குத் திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

காகிதத்தில் இது குடிவரவு விதி. வீட்டுக்குள் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கடனோடுதான் வந்திருப்பாள். பிலிப்பைன்ஸ் 2006லிருந்து வீட்டுப் பணியாளரிடம் வேலைக் கட்டணம் வாங்குவதையே தடை செய்திருக்கிறது. ஹாங்காங்கில் ஏஜென்சி வாங்கக்கூடிய கமிஷன் முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதம்தான். ஆனாலும் 'பயிற்சிக் கட்டணம்', 'மருத்துவச் சோதனை', 'ஆவணச் செலவு' என்ற பெயர்களில் பணம் போய்க்கொண்டே இருக்கும். முதல் பல மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை அதற்கே இழந்தவர்கள் ஏராளம். இப்படி இருக்கையில் அவள் எஜமானரை எதிர்த்தால் வேலை போகும். வேலை போனால் தங்கியிருக்கும் வீடும் அன்றைக்கே போகும். இரண்டு வாரத்தில் விமானம் ஏற வேண்டும், கடன் மட்டும் கூடவே வரும்.

சரி, புகார் கொடுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். தொழிலாளர் துறையில் முதலில் சமரசப் பேச்சு. அது முறிந்தால், கோரும் தொகையைப் பொறுத்துச் சிறு கோரிக்கை வாரியத்துக்கோ தொழிலாளர் தீர்ப்பாயத்துக்கோ போகும். தேதி வர வாரங்கள் ஆகும், சில வழக்குகளில் மாதங்கள். அதுவரை அவள் ஹாங்காங்கில் இருக்கலாம், ஆனால் பார்வையாளர் விசாவில். அதை நீட்டிக்க ஒவ்வொரு முறையும் கட்டணம். அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. வருமானம் இல்லாமல், உலகிலேயே வாடகை அதிகமான நகரங்களில் ஒன்றில், நியாயத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

எஜமானருக்கும் இது தெரியும். அதனால்தான் சமரச மேசையில் பாதித் தொகை, கால் தொகை என்று பேரம் நடக்கிறது. காத்திருக்க முடியாதவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

பெத்யூன் ஹவுஸ் என்ற பெண்கள் காப்பகம் 1986இல் தொடங்கியது. பார்ப்பவர்களுக்கு அது தர்ம சத்திரம் போலத் தெரியும். உண்மையில் அங்கே கிடைக்கும் ஒரு படுக்கை, ஒரு வேளைச் சோறு, விசா நீட்டிப்புக் கட்டணம் ஆகியவைதான் சட்டத்தை இயங்க வைக்கின்றன. தங்க இடம் இருந்தால் வழக்கு நடக்கும், இல்லாவிட்டால் சட்டப் புத்தகத்தில் எத்தனை உரிமை இருந்தும் அவள் விமான நிலையத்தில்தான் நிற்பாள். நன்கொடை கேட்டு எழுதும் கடிதங்களில் காப்பகத்தை 'மனிதாபிமான உதவி' என்ற தலைப்பில் போடுவார்கள். என்னைக் கேட்டால் அதை 'சட்ட உதவி' என்ற தலைப்பில் போட வேண்டும்.

காப்பகத்தில் இருப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. தங்கள் வழக்கின் தேதிவாரிக் குறிப்பைத் தாங்களே எழுதப் பழகுகிறார்கள். புதிதாக வருபவளுக்கு முன்பே வந்தவள் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

1990களில் இந்தோனேசியப் பெண்கள் பெருமளவில் வரத் தொடங்கியபோது ஒரு கிறிஸ்தவ மிஷனுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழுந்திருக்கும். வருபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மிஷன் பெயரிலிருந்து 'பிலிப்பினோ' போனது, கதவு எல்லோருக்கும் திறந்தது. 1996இல் பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்து ஆசியப் புலம்பெயர்ந்தோர் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தன. அதில் இலங்கையர் சங்கமும் உண்டு. இந்தோனேசியர்கள் ஞாயிறுகளில் கூடுவது விக்டோரியா பூங்காவில். டோம்பெட் துவாஃபா என்ற இந்தோனேசிய இஸ்லாமிய அறக்கட்டளைக்கும் ஹாங்காங்கில் கிளை இருக்கிறது. சகாத் (இஸ்லாமியக் கட்டாய தர்மம்) பணத்தில் நடக்கும் அமைப்பும் காணிக்கையில் நடக்கும் அமைப்பும் ஒரே பிரச்சினைக்கு முகம் கொடுக்கின்றன.

வீராங்கனைகள்

1988இல் ஹாங்காங் வந்த பிலிப்பைன்ஸ் அதிபர் கொராசோன் அக்கினோ, தேவாலயத்தில் கூடியிருந்த வீட்டுப் பணிப்பெண்களைப் 'புதிய வீரர்கள்' என்று பாராட்டினார். அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. இன்றும் மணிலா விமான நிலையத்தில் அதைக் கேட்கலாம். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவர் அரசு, துன்புறுத்தல் செய்திகளைக் காரணம் காட்டி, வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பவே தடை போட்டிருந்தது. ஹாங்காங் பெண்கள் அந்தத் தடையையும் எதிர்த்தார்கள், ஹாங்காங்குக்கு விலக்கும் கிடைத்தது.

கட்டாயமாகப் பணம் பிடுங்காதே என்றவர்களே, போகாதே என்று தடுக்காதே என்றும் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரண்பாடாகத் தெரியலாம். இல்லை, இரண்டும் ஒரே நிலைப்பாடு. என் உழைப்பைப் பற்றிய முடிவை என்னைக் கேட்காமல் எடுக்காதே என்பதுதான் அது.

இலங்கை வாசகர்களுக்கு இது பழகிய கதை. வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் பணிப்பெண்ணாகப் போன, மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு உள்ளானார். அதே ஆண்டில் கொழும்பு கொண்டுவந்த 'குடும்பப் பின்னணி அறிக்கை' விதி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரை வெளிநாட்டு வீட்டு வேலையிலிருந்து விலக்கியது. வயதைத் திருத்தி கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டுகளை ஒடுக்குவதைவிடத் தாயைத் தடுப்பது எளிது.

பிலிப்பைன்ஸிலும் ஒரு மரணம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஃப்ளோர் கொன்டெம்ப்ளேசியோன் என்ற பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் சிங்கப்பூரில் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். நாடே கொதித்தது, ஆயர்களும் கண்டித்தார்கள். ஜூன் 7 அன்று சட்டம் 8042 கையெழுத்தானது. முதல் பத்தியில் சொன்ன அந்த வாசகம் அந்தக் கோபத்தில் பிறந்தது.

வளர்ச்சி பற்றி மூன்று குரல்கள்

நம்பிக்கை அமைப்புகளும் குடிமைச் சமூகமும் ஒரே குரலில் பேசுகின்றன என்று மாநாட்டு அறிக்கைகள் காட்டும். அப்படி இல்லை.

ஒரு தரப்பு சேமிப்பை நம்பியது. ஹாங்காங்கில் 1989இல் தொடங்கிய ஆசியப் புலம்பெயர்ந்தோர் மையம், பணிப்பெண்களைச் சிறு சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்து, அந்தப் பணத்தை ஊரில் தொழிலில் போடும் திட்டத்தை வளர்த்தது. 1996இல் பிலிப்பைன்ஸில் உருவான 'உன்லாட் கபாயன்' அதை ஊர்ப்பக்கம் எடுத்துச் சென்றது. தேங்காய் நார், அரிசி ஆலை போன்ற தொழில்கள். அனுப்பும் பணம் சிமெண்ட் வீடாகவும் டிவியாகவும் கரைந்துவிடாமல், திரும்பி வருவதற்கு ஒரு பிழைப்பாக மாற வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

யுனிஃபிலும் 1996இல் உருவான பிலிப்பினோப் புலம்பெயர்ந்தோர் கூட்டமைப்பான மிக்ராந்தேயும் இதைச் சந்தேகத்தோடு பார்த்தன. நிலம் இல்லாத விவசாயி மகளும் வேலை கிடைக்காத ஆசிரியையும்தான் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அந்தக் காரணத்தைத் தொடாமல், அவர்களையே முதலாளி ஆகச் சொல்வது அரசின் கடமையைத் தொழிலாளி தோளில் ஏற்றுவது என்றார்கள்.

மூன்றாவது கத்தோலிக்கக் குரல். பிலிப்பைன்ஸ் ஆயர் பேரவையின் புலம்பெயர்ந்தோர் ஆணையமும், மணிலாவில் 1987இல் ஸ்கலப்ரினி சபையினர் (புலம்பெயர்ந்தோருக்காக உழைக்கும் கத்தோலிக்கத் துறவியர்) தொடங்கிய ஆய்வு மையமும் குடும்பத்தின் பக்கம் நின்று பேசின. விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகள் பற்றி அவர்கள் 2003இல் நடத்திய ஆய்வு, பயந்த அளவுக்குப் பிள்ளைகள் சீரழியவில்லை, ஆனால் தாய் வெளிநாடு போன வீடுகளில் பாதிப்பு கூடுதல் என்று காட்டியது. புலம்பெயரும் உரிமைக்கு முன்பாகப் புலம்பெயராமல் இருக்கும் உரிமை உண்டு என்று உலகப் புலம்பெயர்ந்தோர் நாளுக்கான 2013ஆம் ஆண்டுச் செய்தியில் போப் பதினாறாம் பெனடிக்ட் எழுதினார். நல்ல கருத்துதான். எனக்கு ஒரு தயக்கம் மட்டும் உண்டு. தாய் போனதால் குடும்பம் உடைகிறது என்று பீடத்திலிருந்து ஓயாமல் சொன்னால், பழி தாய் மீது விழுகிறது. தந்தை கடலுக்குப் போனபோது இவ்வளவு கவலை கேட்கவில்லை.

2008 அக்டோபரில் மணிலாவில் உலகப் புலம்பெயர்வு மற்றும் வளர்ச்சி மன்றத்தின் இரண்டாம் கூட்டம் நடந்தது. புலம்பெயர்ந்தோரைப் பாதுகாத்து வலுவூட்டினால் வளர்ச்சி வரும் என்பது கருப்பொருள். அரசுகள் உள்ளே பேசின. குடிமைச் சமூகத்துக்கு அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் ஒதுக்கப்பட்டன. மிஷனும் யுனிஃபிலும் சார்ந்த தரப்பு வெளியே தனி மாநாடு கூட்டியது. அதே ஆண்டு ஜூனில் ஹாங்காங்கில் பிறந்திருந்த அனைத்துலகப் புலம்பெயர்ந்தோர் கூட்டணி அதற்குப் பின்னால் இருந்தது. இத்தனை காலம் மற்றவர்கள் எங்களுக்காகப் பேசினார்கள், இனி நாங்களே பேசுகிறோம் என்பது அவர்கள் முழக்கம். அந்த 'மற்றவர்கள்' பட்டியலில் சபைகளும் அடக்கம். அதைக் கேட்டும் சபைகள் கூடவே நின்றன, பாராட்ட வேண்டியதுதான்.

யார் சொன்னது சரி? சேமிப்புக் குழுவால் சில குடும்பங்கள் உண்மையாகவே திரும்பி வந்து காலூன்றின. அதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அது கைநிறையச் சம்பளம் ஒழுங்காக வாங்குபவளுக்கு உதவும் வழி. சம்பளமே வராதவளுக்குச் சேமிப்பு வகுப்பால் என்ன பயன்? 2003இல் ஹாங்காங் அரசு குறைந்தபட்சச் சம்பளத்தை 3,670 ஹாங்காங் டாலரிலிருந்து 3,270ஆகக் குறைத்தது. அதே 400 டாலரை எஜமானர்களிடம் உள்ளூர்த் தொழிலாளர் மறுபயிற்சி வரியாக வசூலித்தது. இரண்டு கணக்கும் தனித்தனி என்று அரசு சொன்னது. ஒரு கையெழுத்தில் மாதம் 400 டாலர் போனது, எத்தனை சேமிப்புக் குழுக்கள் சேர்ந்து அதை ஈடுகட்ட முடியும்? வரி 2008இல் நிறுத்தப்பட்டு 2013இல் ஒழிந்தது, சம்பளம் மெல்ல மெல்லத்தான் ஏறியது.

ஒரு பெரிய வழக்கு, பல சிறிய வழக்குகள்

2014 ஜனவரியில் எர்வியானா சுலிஸ்தியானிங்சி என்ற இந்தோனேசியப் பெண் உடலெல்லாம் காயங்களோடு ஹாங்காங் விமான நிலையத்தில் காணப்பட்டார். படங்கள் பரவின, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள், மிஷன் துணை நின்றது. எஜமானிக்கு 2015 பிப்ரவரியில் ஆறு ஆண்டுச் சிறை. 2017 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் எட்டு லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது.

பெரிய வெற்றி. ஆனாலும் உடன் தங்கும் கட்டாயமும் இரண்டு வார விதியும் அப்படியே இருந்தன. தங்குமிடங்கள் பற்றி 2017இல் மிஷன் வெளியிட்ட அறிக்கையில், கழிப்பறைக்குள்ளும் பால்கனியிலும் வீட்டு இயந்திரங்களுக்கு மேலேயும் போட்ட படுக்கைகளின் படங்கள் இருந்தன. உடன் தங்கும் விதியை எதிர்த்து ஒரு பிலிப்பினோப் பெண் தொடுத்த வழக்கு 2018இல் தோற்றது, மேல்முறையீடும் 2020இல் தோற்றது. 2022 பிப்ரவரியில் கொரோனா ஐந்தாம் அலையில் தொற்று வந்த பணிப்பெண்கள் சிலரை வீட்டை விட்டு வெளியே அனுப்பினார்கள். குளிரில் வெளியே படுத்தவர்களைத் தேடிப்போனவை தொண்டு அமைப்புகள்தான்.

இதற்கு நடுவே ஹாங்காங்கின் குடிமைச் சமூகமே சுருங்கிவிட்டது. 2020இன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊர்வலங்கள் மிக அரிதாகிவிட்டன. வீட்டுப் பணியாளர் சங்கங்களையும் உள்ளடக்கிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2021 அக்டோபரில் தன்னைக் கலைக்க வாக்களித்தது. 1980களில் சபைகளிடமிருந்து சங்கங்களுக்குப் போன வேலையில் ஒரு பகுதி இப்போது சபைகளிடமே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அரசியல் பேசாமல் வழக்கு நடத்துவது எவ்வளவு நாள் சாத்தியம் என்பது அவர்களுக்கு முன்னால் இருக்கும் கேள்வி. தொழிலாளர்கள் 'வேலை தாவுகிறார்கள்' என்று ஏஜென்சிகளும் எஜமானர்களும் சொல்லும் புகாரை அரசு 2023லிருந்து தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வேறு எந்தத் தொழிலிலும் சாதாரணமாக இருக்கும் வேலை மாற்றம் இங்கே குற்றம் போலப் பேசப்படுகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் குறைந்தபட்சச் சம்பளம் 5,100 ஹாங்காங் டாலர் ஆனது. ஹாங்காங்கின் பொதுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.

இந்தத் துறைக்கு நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கு ஒரு யோசனை. எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை சேமிப்புக் குழு, ஊரில் எத்தனை தொழில் என்றுதான் விண்ணப்பப் படிவங்கள் கேட்கின்றன. அதோடு இன்னொன்றையும் கேட்கலாம். சம்பள பாக்கி வழக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் பாதித் தொகைக்குக் கையெழுத்திடாமல் தீர்ப்பு வரும்வரை ஹாங்காங்கில் தாக்குப்பிடித்தார்கள்? அந்த எண்ணிக்கை உயர வேண்டுமானால் படுக்கைகள் கூட வேண்டும், வழக்கு நடக்கும் காலத்தில் வேலை செய்ய அனுமதி வேண்டும். முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்குக் குடிவரவுத் துறை மனம் வைக்க வேண்டும்.